கண்ணாடி போட்டும் பார்வை தெளியலையா? பார்வை நரம்பிலேயே பிறவிக் குறை இருக்கலாம் - முழு விளக்கம்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் போவார்கள். மலைக்குப் போகாத பெண்களில் பலர், ஊருக்குள் இருக்கும் குடோன்களில் ஏலக்காயை நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணுக்குத்தான் வேலை.

இப்படி ஒரு வீட்டில், ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு கண் லேசாக விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மாறுகண்ணு அதிர்ஷ்டம், விடு" என்பார் பாட்டி. "டிவியைக் கிட்டப் போய்ப் பார்க்குறான்ல, கண்ணாடி போட்டா சரியாயிரும்க்கா" என்பார் பக்கத்து வீட்டுப் பெண். பள்ளியில் நடக்கும் முகாமில் கண்ணாடியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் போட்ட பிறகும் அந்தக் கண்ணில் மட்டும் எழுத்து தெரியவில்லை.

இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. கண்ணாடி கண்ணின் முன்பக்கத்துக் கோளாறைத்தான் சரிசெய்யும். குறை பின்பக்கத்தில், பார்வை நரம்பிலேயே இருந்தால் எத்தனை கண்ணாடி மாற்றினாலும் பயன் இருக்காது.

பார்வை நரம்பின் பிறவிக் குறைகள் என்றால் என்ன? எது ஆபத்து, எது ஆபத்தில்லை? எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பார்வை நரம்பு என்ன வேலை செய்கிறது?

கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொண்டால், படம் விழுகிற இடம் விழித்திரை. அந்தப் படத்தை மூளைக்குக் கொண்டுபோகிற கேபிள்தான் பார்வை நரம்பு. சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். அதற்குள் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய நரம்பு இழைகள்.

இந்த இழைகள் எல்லாம் விழித்திரையிலிருந்து ஓடிவந்து ஓர் இடத்தில் ஒன்றுகூடி, கண்ணின் பின்சுவரைத் துளைத்து வெளியேறுகின்றன. அந்த இடத்துக்கு 'ஆப்டிக் டிஸ்க்' என்று பெயர். தமிழில் நரம்பு வட்டு எனலாம். அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆரோக்கியமான வட்டு இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், நடுவில் சின்னக் கிண்ணம் போன்ற குழியோடு இருக்கும்.

இந்த வட்டில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு கண்ணிலும் எல்லோருக்கும் ஒரு 'குருட்டுப் புள்ளி' உண்டு. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் அந்தக் கரும்புள்ளி காணாமல் போகும். உங்கள் நரம்பு வட்டு இருக்கும் இடம் அதுதான்.

1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிரோடு இருக்கும் மனிதரின் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைப் பற்றி வெளியிட்டார். அதன் பிறகுதான் டாக்டர்களால் இந்த வட்டை நேரில் பார்க்க முடிந்தது. இன்றும் முதல் சோதனை அதுதான்: கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் உள்ளே பார்ப்பது.

கருவிலேயே எங்கே தவறுகிறது?

கரு உருவான முதல் சில வாரங்களிலேயே கண் தயாராகத் தொடங்கிவிடும். அப்போது கண்ணின் அடிப்பகுதியில் ஒரு பிளவு இருக்கும். அது ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள் ஜிப் போட்டது போல மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

அந்தப் பிளவு சரியாக மூடாமல் போகலாம். நரம்பு இழைகள் போதுமான எண்ணிக்கையில் இல்லாமல் போகலாம். நரம்பு வெளியேறும் வாசல் கோணலாக அமையலாம். எது தவறியது என்பதைப் பொறுத்துக் குறையின் பெயரும் மாறும்.

கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று சொல்வதில் உண்மை இல்லை. சில வகைகள் மரபணு வழியாக வரும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. நெருங்கிய உறவில் கல்யாணம் செய்த குடும்பங்களில் சில மரபணுக் குறைகளுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அதற்காகத் தாயையோ தகப்பனையோ குற்றம் சொல்ல முடியாது.

கவனமாகப் பார்க்க வேண்டிய குறைகள் என்னென்ன?

1. நரம்பு குறைவளர்ச்சி

கேபிளில் இருக்க வேண்டிய இழைகள் குறைவாக இருக்கும். வட்டு சிறுத்துப்போய், சுற்றிலும் இன்னொரு வளையம் போட்டது போலத் தெரியும். இரண்டு கண்ணிலும் இருந்தால், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் கண்கள் நிலைகொள்ளாமல் ஆடும். "பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரிக்கலையே" என்று தாய்தான் முதலில் கவனிப்பார். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் மாறுகண்ணாகத் தெரியலாம்.

இதில் பெரிய ஆபத்து கண்ணுக்கு வெளியே இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு மூளையின் நடுப்பகுதியிலும் பிட்யூட்டரி சுரப்பியிலும் கோளாறு சேர்ந்தே இருக்கும். பிறந்தவுடன் சர்க்கரை அளவு தாழ்ந்துபோவது, மஞ்சள்காமாலை நாள்கணக்கில் நீடிப்பது, வளர்த்தி குறைவது எல்லாம் அதன் அடையாளங்கள். கார்டிசோல் ஹார்மோன் சுரக்காத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

மலையில் எஸ்டேட் லயத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இது ரொம்ப முக்கியம். நரம்பு குறைவளர்ச்சி என்று தெரிந்த குழந்தை காய்ச்சலில் சோர்ந்து விழுந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் முன்கூட்டியே எடுத்திருந்தால், குறையை முன்பே கண்டறிந்து மருந்து தர முடியும்.

2. கொலோபோமா

மேலே சொன்ன அடிப்பிளவு மூடாமல் போனால் வருவது. கருவிழியில் இருக்கும்போது பாப்பா வட்டமாக இல்லாமல், சாவித் துவாரம் போலக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நரம்பு வட்டில் மட்டும் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது.

சிலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும், சிலருக்கு மிகக் குறைவாக இருக்கும். பின்னாளில் விழித்திரை கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. இதயம், காது, சிறுநீரகக் கோளாறுகள் சேர்ந்து வரலாம் என்பதால் குழந்தைநல மருத்துவரும் பார்க்க வேண்டும். பெற்றோருக்கோ அண்ணன் தம்பிக்கோ லேசான அளவில் இருந்து, தெரியாமலே இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு இருந்தால் குடும்பமே ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது.

3. மார்னிங் குளோரி குறை

வேலியோரம் காலையில் பூக்கும் புனல் வடிவக் கொடிப்பூவின் பெயர் இது. வட்டு பெரிதாகி, புனல் போலக் குழிந்து, ரத்தக் குழாய்கள் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரிந்து ஓடும். அதனால் 1970-ல் கிண்ட்லர் என்ற மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார்.

பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். மூன்றில் ஒருவர் அளவுக்கு விழித்திரை கழல வாய்ப்புண்டு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும் கோளாறும் சிலருக்குச் சேர்ந்திருக்கும். அதனால் கண்ணோடு நிறுத்தாமல் மூளைக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

4. நரம்பு வட்டுக் குழி

வட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னப் பள்ளம். ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம். சின்ன வயதில் எந்தத் தொல்லையும் தராது. இருபது, முப்பது வயதில் அந்தப் பள்ளம் வழியாக நீர் கசிந்து விழித்திரையின் மையத்தில் தேங்கினால், பார்வை மங்கும்.

தரம் பிரிக்கிற பெண்ணுக்குத் திடீரென்று ஏலக்காய் கோணலாகவோ சிறுத்தோ தெரிகிறது, நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்றால், "வயசாச்சு, வெள்ளெழுத்து" என்று ஒதுக்கக் கூடாது. அறுவை சிகிச்சையால் பலருக்கு அந்த நீரை வற்றவைக்க முடியும். தாமதித்தால் கிடைக்கும் பலன் குறையும்.

பயப்படத் தேவையில்லாதவை உண்டா?

உண்டு. வட்டு வித்தியாசமாக இருந்தாலே பார்வை போய்விடும் என்று அர்த்தமில்லை.

வட்டு சாய்ந்திருப்பது கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுகிற ஒன்று. பலருக்குக் கண்ணாடியே போதும். நரம்பு இழைகள் மேல் வெள்ளைப் பூச்சு படர்ந்தது போன்ற அமைப்பும் சிலருக்கு உண்டு. அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

'டுரூசன்' என்று ஒன்று இருக்கிறது. நரம்பு வட்டுக்குள் சுண்ணாம்புச் சத்து சின்னச் சின்ன மணிகளாகப் படிவது. இதில் நரம்பு வீங்கியது போலத் தெரியும். சிக்கல் என்னவென்றால், மூளைக்குள் அழுத்தம் கூடினாலும் நரம்பு இப்படித்தான் வீங்கித் தெரியும். முதலாவது பெரும்பாலும் கண்காணித்தால் போதும். இரண்டாவது அவசரம்: மூளைக் கட்டிகூட காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல கண் அல்ட்ராசவுண்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் உதவும். தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது எல்லாம் சேர்ந்து இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண் அழுத்த நோயோடு குழப்பிக்கொள்வது ஏன்?

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் பிறவியில் வருவதில்லை. நாற்பது வயதுக்கு மேல் நரம்பு இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, வட்டின் நடுவில் இருக்கும் கிண்ணம் பெரிதாகிக்கொண்டே போகும். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே வட்டும் பெரிது, கிண்ணமும் பெரிது. அவர்களுக்கு நோயே இருக்காது.

ஒரே ஒருமுறை பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். அதனால்தான் இன்று எடுக்கிற நரம்புப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்த வருடமும் கிண்ணம் அதே அளவில் இருந்தால் பிறவி அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிதாகியிருந்தால் நோய்.

தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில், 40 வயதைத் தாண்டிய 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை ஓர் ஆய்வு நடத்தியது. முடிவுகள் 2003-ல் வெளியாயின. 2.6% பேருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. அதில் பரவலாகக் காணப்படும் வகை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, ஏற்கெனவே ஒரு கண்ணிலோ இரண்டு கண்களிலோ பார்வை போயிருந்தது.

காரணம் எளிமையானது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரப்பார்வைதான் முதலில் குறையும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு வளைவில் பக்கவாட்டிலிருந்து வரும் வண்டி தெரியாமல் போகலாம். ஆனால் எதிரே இருக்கும் போர்டை அவர் சரளமாகப் படிப்பார்.

சிகிச்சை இருக்கிறதா?

நேரடியான பதில்: இல்லாத இழையை உண்டாக்கவோ, பிறவியில் கோணலாக அமைந்த நரம்பை மாற்றிவைக்கவோ இன்றைய மருத்துவத்தால் முடியாது. கண் தானத்தில் கிடைப்பதைப் பொருத்துவதும் கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கருவிழிப்படலத்தை மட்டும்தான். பார்வை நரம்பை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை கிடையாது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு வளரும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் உண்டு. பிறவி நரம்புக் குறைக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நகையை அடகு வைப்பதற்கு முன் அரசு மருத்துவமனையிலோ பெரிய கண் மருத்துவமனையிலோ இன்னொரு கருத்து கேளுங்கள்.

ஆனால் நரம்பைத் திருத்த முடியாது என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அந்தக் குறையோடு சேர்ந்து வருபவற்றில் நிறையவற்றைத் தடுக்கலாம்.

முதலாவது, சோம்பேறிக் கண். குறையுள்ள கண்ணிலிருந்து மங்கலான படம் வருவதால் மூளை அதை ஒதுக்கிவிடும். நரம்பு 50 சதவீதம் வேலை செய்யும் திறனோடு இருந்தாலும், மூளை ஒதுக்கியதால் அதுவும் வீணாகும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, குறையுள்ள கண்ணுக்கு வேலை கொடுத்தால் மிச்சமிருக்கும் பார்வையை மீட்கலாம். இது ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

இரண்டாவது, விழித்திரை கழல்வது. திடீரென்று மின்னல் வெட்டுவது போல ஒளி, கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, திரை இறங்குவது போல ஒருபக்கம் இருட்டுவது என்றால் அன்றே போக வேண்டும்.

மூன்றாவது, ஹார்மோன் குறைபாடு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்து உண்டு.

நான்காவது, மற்றக் கண். ஒரு கண்ணில்தான் பார்வை என்றால், அந்த ஒரு கண்ணுக்குக் காயம் படவே கூடாது. தோட்டத்தில் கவாத்து செய்யும்போதும் மருந்து அடிக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வைக் கோளாறு இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடச் சொல்வது இதற்காகத்தான்.

போடியில் இருப்பவர்கள் எங்கே காட்டலாம்?

தேனி, போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரம். அங்கே 1980-களிலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியதன் கிளை இது.

இந்தத் தேனி வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், டவருக்கு டவர் நீண்ட தூர வைஃபை இணைப்பை இங்கே அமைத்தார்கள். சிறு ஊர்களில் உள்ள பார்வை மையத்தில் நோயாளி உட்கார்ந்திருப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசிப் பார்ப்பார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு அலைய வேண்டியிருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. கண்ணுக்குள் எடுத்த படத்தை டாக்டருக்கு அனுப்பிக் கருத்து கேட்பது இன்று பல இடங்களில் நடைமுறை.

அரசுப் பக்கம், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்துவிட்டதால், மதுரைக்குப் போவதும் முன்பைவிட எளிது.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களை மருத்துவக் குழு அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் வந்து பரிசோதிக்கும். அந்தக் குழுவிடம் "கண்ணாடி போட்டும் தெரியலை" என்று சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணில் பார்வை முழுசாகப் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30% என்றுதான் கணக்கிடுவார்கள். பல சலுகைகளுக்குத் தேவையான 40% அதில் வராது. இரண்டு கண்ணிலும் குறை இருக்கும் குழந்தைகளுக்குத் தாமதிக்காமல் விண்ணப்பிப்பது நல்லது.

எப்போது உடனே காட்ட வேண்டும்?

* மூன்று மாதமாகியும் குழந்தை முகம் பார்க்கவில்லை, கண் ஆடுகிறது.
* எந்த வயதிலும் புதிதாக மாறுகண் தெரிகிறது.
* ஃபிளாஷ் போட்டு எடுத்த செல்போன் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண் வெள்ளையாகவும் தெரிகிறது. கொலோபோமா மட்டுமல்ல, கண் புற்றுநோய்கூட இப்படித் தெரியும்.
* பாப்பா வட்டமாக இல்லை.
* சரியான கண்ணாடி போட்டும் ஒரு கண்ணில் பார்வை ஏறவில்லை.
* ஒரு கண்ணை மூடினால் பிள்ளை சும்மா இருக்கிறது, இன்னொரு கண்ணை மூடினால் அழுகிறது, கையைத் தட்டிவிடுகிறது.

கடைசியாகச் சொன்னதை எந்தச் செலவும் இல்லாமல் இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். விளையாட்டுப் போல ஒவ்வொரு கண்ணாக மூடி, பொம்மையைக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், "சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். பெரியவர்கள் அன்று வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த ஐந்து வயதுப் பையனுக்கு நரம்பில் என்ன குறை இருந்தாலும், அது அவன் பிறக்கும்போதே முடிவாகிவிட்ட ஒன்று. மிச்சமிருக்கும் பார்வை முழுசாகக் கிடைக்குமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு அவனுக்கு இருப்பது இன்னும் இரண்டு மூன்று வருடம்தான்.